தானாக ஓடும் என்ற இறைப்பு மெசின்: வன்னிக் கிராமமொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடிக் காலத்தில், எண்ணெயும் மின்சாரமும் இல்லாமல் தானாகவே ஓடும் என்று சொல்லப்பட்ட ஓர் இறைப்பு இயந்திரத்துக்குக் கமக்காரர் அமைப்பொன்று பணம் போடத் தயாரானது. அதைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். முதலில் நான் அதைக் கையாண்ட விதம் பிழை. பிறகு செய்தது ஓரளவு சரி. இரண்டையும் இங்கே பதிகிறேன். ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன.

பின்னணி

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளே போகும் ஒரு கிராமம். குளத்து நீர் காலபோக நெல்லுக்குத்தான் காணும். சிறுபோகத்தில் கச்சான், மிளகாய், வெங்காயம் எல்லாம் கிணற்று இறைப்பில் தங்கியிருக்கின்றன. இறைப்பு என்றால் மண்ணெண்ணெய் மெசின். வசதியுள்ள ஓரிருவரிடம் மின்மோட்டர்.

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலர். மே, யூனில் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியதும் மிளகாய்க் கன்றுகள் வாடத் தொடங்கின. ஒரு வாரம் இறைக்காவிட்டால் அந்த ஆண்டு போட்ட முதலே போய்விடும். இந்த நிலையில் வந்த ஒரு நம்பிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பின்னணியும் உண்டு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சில துளி பெற்றோலைக் காட்டி மோட்டார் சைக்கிளை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் திரி வைத்துப் படித்த தலைமுறை இது. படித்தவர்கள் "முடியாது" என்று சொன்னதைக் கராஜ்காரர்கள் செய்துகாட்டியதைக் கண்ணால் கண்ட சனம். அதனால் "தானாக ஓடும் மெசின்" என்றதும் இவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காததற்கு ஒரு நியாயம் இருந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

மெசினைச் செய்தவர் முப்பது வயதை நெருங்கிய ஒருவர். கராஜ் வைத்திருந்தார். 2008 இடப்பெயர்வோடு பத்தாம் வகுப்பில் படிப்பு நின்றுபோனது. கை சுத்தமான வேலைக்காரர். ஏமாற்றுக்காரர் அல்ல. இதைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் நித்திய இயக்கப் பொறிகளின், அதாவது தானாகவே ஓயாமல் ஓடும் என்று சொல்லப்படும் பொறிகளின், வரலாற்றில் ஏமாற்றுக்காரர்கள் நிறைய. 19 ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் கீலி என்பவர் புதுவகைச் சக்தி கண்டுபிடித்ததாகச் சொல்லிப் பல ஆண்டுகள் முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கினார். 1898 இல் அவர் இறந்த பிறகு வீட்டின் நிலவறையில் அழுத்தக் காற்றுக் கோளம் ஒன்று கிடந்தது. நம்முடைய ஆளிடம் நிலவறை இல்லை. அவர் தன் மெசினை முழுமையாக நம்பினார்.

முதல் காட்சி: யூன்

பொதுநோக்கு மண்டபத்தில் வைத்து இயக்கிக் காட்டினார். அமைப்பு எளிமையானது. ஒரு லொறிப் பற்றரி, அதிலிருந்து ஓடும் ஒரு மோட்டர், மோட்டரிலிருந்து பெல்ட் வழியாக ஒரு கனத்த இரும்புச் சில்லு, சில்லிலிருந்து இன்னொரு பெல்ட்டில் லொறியின் மின்பிறப்பாக்கியான அல்டனேற்றர். அல்டனேற்றர் பற்றரியைத் திரும்பச் சார்ஜ் பண்ணும். பற்றரியிலிருந்து ஓர் இன்வேட்டர், அதில் நான்கு மின்குமிழ்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. குமிழ்கள் மங்கவில்லை. பெரிய மெசின் செய்தால் அரைக் குதிரைவலு மோட்டரையும் இழுக்கும் என்றார்.

அவருடைய கணக்கு இதுதான்: "பற்றரி குடுக்கிறது 12 வோல்ட். அல்டனேற்றர் வயரைக் கழட்டி மீற்றர் வைச்சுப் பாத்தனான், 14 க்கு மேல காட்டுது. 12 போட்டா 14 வருது. மிச்சம் ரெண்டுதான் லாபம்."

கமக்காரர் அமைப்பு மூன்று இலட்சம் ரூபாய் கடனாகக் கொடுப்பதாகப் பேச்சு. அதற்கு முன்னமே இரண்டு பேர் தனிப்பட்ட முறையில் காசு கொடுத்திருந்தார்கள். ஒருவர் நகையை அடகு வைத்துக் கொடுத்தது எனக்கு அப்போது தெரியாது.

தலைவர் என் பக்கம் திரும்பி, "மாஸ்ரர், நீங்கள் என்ன சொல்லிறியள்?" என்றார்.

நான் எழுந்து, சக்தியை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்ற வெப்ப இயக்கவியலின் முதலாம் விதிக்கு இது முரண், இப்படி ஒரு பொறி இருக்கவே முடியாது என்றேன். 1775 இலேயே பாரிசின் விஞ்ஞானக் கழகம், நித்திய இயக்கப் பொறி என்று யார் என்ன கொண்டுவந்தாலும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது என்றும் சொன்னேன். சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் மண்டபம் இறுகிப்போனது. பின் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்:

"விதி எண்டு சொல்லிறியள் மாஸ்ரர். உங்கட விதி இதுதான் எண்டுதானே எங்களுக்கும் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு வந்தவை?"

தமிழில் 'விதி' என்ற ஒரே சொல்லைத் தலைவிதிக்கும் இயற்கை விதிக்கும் வைத்திருக்கிறோம். வகுப்பறையில் இது தொல்லை தருவதில்லை. எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்த ஊரில், எரிபொருள் வரிசைக்கு நடுவே, படித்த ஒருவர் எழுந்து "விதி விடாது" என்றால் அது வேறு மாதிரிக் காதில் விழுகிறது. பாரிஸ் கழகத்தை இழுத்தது அதைவிடப் பிழை. எங்கோ இருக்கும் ஒரு சபை பார்க்கவே மாட்டேன் என்று சொன்ன கதை, இந்தச் சனத்துக்குப் புதிய கதை அல்ல.

இன்னொருவர், பெரிய விஞ்ஞானிகளையும் முதலில் யாரும் நம்பவில்லைத்தானே என்றார். மூன்றாமவர், எங்கள் முன்னோருக்கு இது தெரியும் என்றார். அவரும் முற்றிலும் பிழையல்ல: 1150 ஆம் ஆண்டளவில் இரண்டாம் பாஸ்கரர் தன் நூலில், ஆரங்களில் பாதரசம் நிரப்பிய, தானே சுழலும் சக்கரமொன்றை விவரித்திருக்கிறார். ஓடியதாகச் சான்று இல்லை என்பது வேறு விடயம்.

கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. கராஜ்காரர் என்னைப் பார்க்காமலே போனார்.

அவதானித்தவை

வீட்டுக்கு வந்து யோசித்தபோது மூன்று விடயங்கள் பிடிபட்டன.

அவருடைய பிழை மிக இயல்பானது. வோல்ட் என்பது சக்தி அல்ல. தண்ணீருக்கு உயரம் எப்படியோ மின்சாரத்துக்கு வோல்ட் அப்படி. தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்காமல் விட்டிருக்கிறார். வயரைக் கழற்றி வைத்து அளந்தபோது அல்டனேற்றர் ஒரு வேலையும் செய்யவில்லை. 14 என்ன, இன்னும் கூடவும் காட்டியிருக்கும்.

இரண்டாவது, அரை மணித்தியாலம் ஓடியது ஒன்றையும் நிறுவவில்லை. 100 அம்பியர்-மணி லொறிப் பற்றரிக்குள் ஏறத்தாழ 1.2 கிலோவாட்-மணி சக்தி அடங்கியிருக்கிறது. நான்கு சிறிய குமிழ்களுக்கு அது தாராளம், பெல்ட்டும் சில்லும் தின்றது போகவும் மிஞ்சும்.

மூன்றாவதைத்தான் நான் மண்டபத்திலேயே கவனித்திருக்க வேண்டும். மெசினை நிறுத்திய பிறகு ஒரு பெடியன் அல்டனேற்றரில் கை வைத்துவிட்டு உதறினான். சுட்டுவிட்டது. மோட்டரின் உடலும் அப்படித்தான். பெல்ட்டிலிருந்து இரப்பர் மணம் வந்தது. விடை அந்தச் சூட்டில் இருந்தது. நானோ விதியைச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

1798 இல் றம்போட் பிரபு மியூனிக் ஆயுதசாலையில் கண்டதும் இதே சூடுதான். பீரங்கிக் குழாய் துளைக்கும்போது உலோகம் ஓயாமல் சூடாவதைப் பார்த்து, மழுங்கிய துளைகருவியைக் குதிரைகளைக் கொண்டு சுழற்றி, குழாயைத் தண்ணீருக்குள் வைத்தார். இரண்டரை மணித்தியாலத்தில் தண்ணீர் கொதித்தது, நெருப்பே இல்லாமல். அந்தக் காலத்தில் வெப்பம் ஒரு திரவம் என்றுதான் நம்பினார்கள். கலோரிக் என்று பெயர். லவோசியே 1789 இல் வெளியிட்ட மூலகப் பட்டியலில் ஒட்சிசனோடும் ஐதரசனோடும் கலோரிக்கும் நிற்கிறது. அது ஒரு பொருளாக இருந்தால் இரும்புக்குள் இருந்த அளவு தீர்ந்து போக வேண்டும். குதிரை சுற்றும்வரை சூடு வந்துகொண்டே இருந்தது. தீராமல் வருவது பொருளாக இருக்க முடியாது, அது ஒரு வகை அசைவு என்றார் றம்போட்.

எடுத்த தீர்மானமும் காரணமும்

யூலையில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. சைக்கிளில் கராஜுக்குப் போனேன். நான் அன்று சபையில் பேசியது சரியில்லை என்று முதலில் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி தந்தார். பிறகு கேட்டேன்: "தம்பி, நான் சொல்லிறதையும் நம்ப வேண்டாம், நீர் சொல்லிறதையும் நம்ப வேண்டாம். ரெண்டு பேருமாச் சேர்ந்து அளந்து பாப்பமோ?"

"என்னத்தால அளக்கிறது சேர்?"

"தண்ணியால."

இது திட்டமிட்டு எடுத்த முடிவு. மீற்றரில் தெரியும் அம்பியர் எனக்கும் அவருக்கும் விளங்கும். அமைப்பின் உறுப்பினர்களுக்கு விளங்காது, திரும்பவும் படித்தவன் சொன்னதாக ஆகிவிடும். தாங்கி நிறைந்ததா இல்லையா என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஒரே பற்றரி, ஒரே இன்வேட்டர், ஒரே அரைக் குதிரைவலு மோட்டர், ஒரே கிணறு. முதல் நாள் பற்றரியிலிருந்து நேரே இறைப்பது. இரவு மின்சாரம் வந்த நேரங்களில் பற்றரியை முழுதாகச் சார்ஜ் பண்ணுவது. அடுத்த நாள் அவருடைய மெசினையும் பூட்டி இறைப்பது. மெசின் சக்தியை உண்டாக்கினால் இரண்டாம் நாள் கூடத் தண்ணீர் வரவேண்டும், ஒரு வாளி கூடினாலும் அவருக்கு வெற்றி. இரண்டு நாளும் சுவிச்சை அவரே போடுவது என்றும் பேசிக்கொண்டோம். எண்ணிக் குறித்தவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள் மூவரும் அன்று கேள்வி கேட்ட அந்தப் பெரியவரும்.

பெரியவரைச் சேர்த்தது கராஜ்காரரின் யோசனை. எனக்கு வந்திருக்காது.

நடந்தது

முதல் நாள், பற்றரி நேரடியாக: இன்வேட்டர் கீச்சிட்டு நிற்கும்வரை 58 நிமிடம், ஏறத்தாழ 2,200 லீற்றர். 1,000 லீற்றர்த் தாங்கி இரண்டு முறை நிறைந்து, மேலே ஒரு பீப்பாய்.

இரண்டாம் நாள், மெசினோடு: 34 நிமிடம், ஏறத்தாழ 1,300 லீற்றர்.

ஒருவரும் பேசவில்லை. பெரியவர் தான் கரித்துண்டால் சுவரில் போட்ட கோடுகளை இரண்டு முறை எண்ணினார். கராஜ்காரர் பெல்ட் வழுக்கியிருக்கும் என்றார். நியாயமான சந்தேகம். பெல்ட்டை இறுக்கி, பற்றரியைத் திரும்பவும் சார்ஜ் பண்ணி, மூன்றாம் முறையும் செய்தோம். 36 நிமிடம். இரண்டு நிமிடம் கூடியது அவருடைய திறமைக்கு. மிச்சத்தை அந்தத் திறமையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதன் பிறகுதான் மீற்றரை எடுத்தோம். தெரிந்த மின்னியலாளர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கவ்வு மீற்றர். மோட்டருக்குப் போவது 12.1 வோல்டில் 41 அம்பியர், அதாவது கிட்டத்தட்ட 500 வாட். அல்டனேற்றரிலிருந்து திரும்பி வருவது 12.2 வோல்டில் 14.5 அம்பியர், கிட்டத்தட்ட 177 வாட். நூறு கொடுத்தால் முப்பத்தாறு திரும்புகிறது. மிச்சம் அறுபத்து நாலும் எங்கே?

அவர் பதில் சொல்லவில்லை, அல்டனேற்றரைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த மாலை நீண்ட நேரம் கதைத்தோம். 'பெரிய ஆக்களையும் நம்பேல்லை' என்ற வாதத்துக்கு எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். வெப்பத்தின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் அந்த வாதம் உண்மை. முதலாம் விதியைக் கொண்டுவந்தவர்கள் பெரும் சபைகளின் ஆட்கள் அல்ல. மேயர் ஒரு கப்பல் வைத்தியர். 1840 இல் யாவாத் தீவில் மாலுமிகளின் நாளத்து இரத்தம் வழமையை விடச் சிவப்பாக இருந்ததைக் கண்டு, சூடான நாட்டில் உடல் குறைவாக எரித்தால் போதும் என்று நினைத்தார். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று மாறும் என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய முதல் கட்டுரையைச் சஞ்சிகை போடவே இல்லை. ஜூல் இங்கிலாந்தில் மதுவடிசாலைக்காரர் ஒருவரின் மகன்; பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாதவர்.

ஆனால் இரண்டு பேரும் ஓர் எண்ணைக் கொண்டுவந்தார்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்கும் வெப்பம், அதே தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் வேலைக்குச் சமம்? 1842 இல் மேயர் ஏறத்தாழ 365 மீற்றர் என்றார். ஜூல், இறங்கும் எடையால் துடுப்புச் சக்கரத்தைத் தண்ணீருக்குள் சுற்றவைத்துத் திரும்பத் திரும்ப அளந்து 1850 இல் சொன்ன கணக்கு மீற்றரில் 424 க்கு அருகே வரும். இன்று நாம் சொல்வது 427. நயாகராவின் 160 அடி வீழ்ச்சிக்குக் கீழே தண்ணீர் பரனைற் அளவில் ஐந்தில் ஒரு பாகை சூடாக இருக்கும் என்றும் ஜூல் கணக்குப் போட்டுச் சொன்னார். இரணைமடுக் குளத்தின் வான் கதவால் 10 மீற்றர் விழுந்தால் எவ்வளவு என்று பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள்: 0.023 பாகை. ஒரு பாகைக்கு 427 மீற்றர் என்றால், நம் அன்றாட வெப்பமானிக்கு இந்தக் கசிவு எங்கே தெரியப்போகிறது? அதனால்தான் சக்தி "காணாமல் போகிறது" என்று அவ்வளவு காலமும் நினைத்தார்கள்.

நம்பாமல் விடப்பட்டவர்களின் பட்டியலில் தானும் இருக்கலாமே என்று அவர் நினைத்தது பிழையில்லை என்றேன். அவர்கள் அளந்தார்கள், அவர் இன்றைக்குத்தான் அளந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாம் கேள்வி

ஓகஸ்ட் 21 அன்று மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. அந்த வாரம் கராஜ்காரர் தானாக என் வீட்டுக்கு வந்தார். கையில் கொப்பி.

"சேர், அறுபத்து நாலு பங்கு சூடாப் போகுது. சரி. அழியேல்லைத்தானே? அப்ப அந்தச் சூட்டைப் பிடிச்சுத் திருப்பிக் குடுத்தா?"

இந்தக் கேள்விக்காகவே இந்த ஆய்வை எழுதலாம். முதலாம் விதியை முழுதாக ஏற்றுக்கொண்ட ஒருவருக்குத்தான் இது வரும். சக்தி அழிவதில்லை என்றால் ஏன் அதைத் திரும்ப எடுக்க முடியாது? 1840களின் கடைசியில் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், ஜூலின் பேச்சைக் கேட்டுவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டதும் ஏறத்தாழ இதே இடத்தில்தான்.

அவருக்குக் கார்னோவை வைத்துச் சொன்னேன், ஏனென்றால் கார்னோவின் உவமை வன்னிக்கென்றே செய்தது போன்றது. சாடி கார்னோ, பிரெஞ்சுக்காரர், 1824 இல் 28 வயதில் ஒரு சிறு நூலை எழுதினார். 36 வயதில் வாந்திபேதியில் இறந்தார். அவர் வெப்பத்தைத் தண்ணீர் போல நினைத்தார். மேல் குளத்திலிருந்து கீழ் வயலுக்கு இறங்கும்போதுதான் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், குளமும் வயலும் ஒரே மட்டமென்றால் ஒரு சக்கரமும் சுற்றாது. வெப்பமும் அப்படியே: சூடான இடத்திலிருந்து குளிரான இடத்துக்கு இறங்கும்போதுதான் வேலை எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்த இறக்கமே தீர்மானிக்கிறது. வெப்பம் ஒரு திரவம் என்று அவர் நினைத்தது பிழை. அந்தப் பிழையான படத்தை வைத்துச் சரியான முடிவுக்கு வந்தது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

கணக்கைச் சேர்ந்தே போட்டோம். அல்டனேற்றரின் உடல் 70 பாகை, வெளிக்காற்று 33 பாகை என்று வைத்தோம். தனி வெப்பநிலையில், அதாவது 273 ஐக் கூட்டினால், 343 உம் 306 உம். உச்ச வினைத்திறன் இரண்டின் வித்தியாசமான 37 ஐ 343 ஆல் பிரித்தது, நூற்றுக்குப் பதினொன்றும் இல்லை. வீணாகும் 320 வாட்டில் உலகத்தின் மிகச் சிறந்த பொறியாலும் 35 வாட் திரும்பாது. உராய்வில்லாத, முடிவிலியாக மெதுவாக ஓடுகிற கற்பனைப் பொறிக்குத்தான் அந்தக் கணக்கும். கராஜில் செய்தால் அதில் பத்தில் ஒன்றும் தேறாது.

"அப்ப எல்லாச் சக்தியும் ஒண்டில்லை?" என்றார்.

அளவில் ஒன்று, தரத்தில் இல்லை என்றேன். 1850 இல் ஜேர்மன் விஞ்ஞானி கிளவுசியசும் 1851 இல் தொம்சனும் எழுதிவைத்தது அதைத்தான். வெப்பம் தானாகக் குளிரிலிருந்து சூட்டுக்குப் போகாது. ஒரே வெப்பநிலையில் கிடக்கும் ஒன்றிலிருந்து வெப்பத்தை எடுத்து முழுவதையும் வேலையாக்கி ஓடும் பொறியும் கிடையாது. குளத்துத் தண்ணீரில் உள்ள சூட்டை எடுத்து மெசின் ஓட்டலாமே என்று பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்பார்கள். குளம் முழுக்கச் சூடு இருக்கிறது, இறங்குவதற்குத்தான் இடமில்லை. இந்தத் தரக்குறைவுக்கு ஓர் அளவு வேண்டும் என்று கிளவுசியஸ் 1865 இல் வைத்த பெயர்தான் எந்திரப்பி. அந்தச் சொல்லை அன்று நான் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

மண்ணெண்ணெய் மெசின் பற்றியும் கேட்டார். சிறிய மெசின்களில் எரிபொருளின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு வேலையாக வந்தாலே நல்லது, மிச்சம் சூடும் புகையும். 1712 இல் வந்த நியூகொமனின் நீராவிப் பொறிக்கு நூற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதைக் கேட்டுச் சிரித்தார். யூனுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

விளைவு

செப்டெம்பர்க் கூட்டத்தில் அளவீடுகளை வாசித்தவர் பெரியவர். நான் பேசவில்லை. கடன் கொடுப்பதில்லை என்று தீர்மானமானது. தர்க்கம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுபோகத்தில் மிளகாய் பாதிக்கு மேல் போனவர்கள் அங்கே இருந்தார்கள். எண்கள் அவர்களுடைய கன்றுகளுக்குத் தண்ணீர் விடவில்லை.

தனிப்பட்ட முறையில் காசு கொடுத்த இருவரில் ஒருவருக்கு மெசினின் பற்றரியையும் இன்வேட்டரையும் கொடுத்துத் தீர்த்தார். நகை அடகு வைத்தவருக்குத் தவணையில் கொடுக்கத் தொடங்கினார். நகை மீட்கப்பட்டது 2023 தைப்பொங்கலுக்குப் பிறகு, வட்டியோடு. வட்டியில் ஒரு பகுதியை அந்தக் குடும்பம்தான் தாங்கியது. தொடக்கத்திலேயே நான் மண்டபத்தில் நின்று பேசாமல் கராஜுக்குப் போயிருந்தால் இந்த நட்டம் குறைந்திருக்கலாம்.

2023 சிறுபோகத்துக்கு அவர் பாவித்த சூரியத் தகடுகள் சிலவற்றை வாங்கி, பற்றரியே இல்லாமல் நேர் மின்னோட்ட மோட்டரோடு பூட்டினார். வெயில் ஏற ஏற இறைக்கும், முகில் வந்தால் நிற்கும். இது தானாக ஓடுவதல்ல என்று எல்லாருக்கும் அவரே விளக்கினார்: "மேல் குளம் சூரியன், அங்கயிருந்து இறங்குது." அந்த உவமையைக் கார்னோ ஏற்றுக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். இரண்டு தோட்டங்களில் இப்போது அப்படி ஓடுகிறது. எல்லாரும் மாறவில்லை, மண்ணெண்ணெய் மெசின்கள் இன்னும் உண்டு. தகடு வாங்கக் காசும் இல்லை பலரிடம்.

ஒருவர் மட்டும் இன்றுவரை நம்பவில்லை. சில்லு இன்னும் கனமாக இருந்திருந்தால் ஓடியிருக்கும் என்கிறார். அவரோடு நான் தர்க்கிப்பதில்லை; தாங்கியும் கிணறும் அங்கேதான் இருக்கின்றன, வந்து அளக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இனி இப்படி வந்தால்

முதல் வேலை, கோருவது என்ன என்பதைச் செய்தவரின் வாயாலேயே கேட்டு எழுதிவைப்பது. "12 போட்டால் 14 வரும்" என்பதை நான் யூனிலேயே எழுதியிருந்தால், பிழை வோல்டில் இருக்கிறது என்பது அன்றே தெரிந்திருக்கும். நான் கேட்டது விதியின் காதால். மனிதரின் சொல்லைக் கேட்கவில்லை.

சபையில் 'முடியாது' என்று சொல்லமாட்டேன். 1996 இல் தமிழ்நாட்டில் மூலிகைப் பெற்றோல் என்று ஓர் அலை அடித்தபோதும் இப்படித்தான்: மறுத்தவர்கள் பொறாமைக்காரர்களாகவும் செய்தவர் வீரராகவும் தெரிந்தார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒரே அளவையால் அளப்போமா?

காசு எங்கே எங்கே போயிருக்கிறது என்பதை முதல் நாளே விசாரிக்க வேண்டும். பௌதிகவியல் ஆசிரியருக்கு அது வேலையில்லை என்று நினைத்தேன். நகை அடகில் போன பிறகுதான் அதுவும் என் வேலைதான் என்று தெரிந்தது.

வகுப்பிலும் ஒன்றை மாற்றியிருக்கிறேன். முன்பு வெப்ப இயக்கவியலை முதலாம் விதியின் சமன்பாட்டோடு தொடங்குவேன். இப்போது சூட்டிலிருந்து தொடங்குகிறேன்: றம்போட்டின் பீரங்கி, பிறகு ஜூலின் துடுப்பு, கார்னோவின் குளம். சமன்பாடு மூன்றாவது நாள் வருகிறது. 'விதி' என்ற சொல்லை விட முடியவில்லை, பாடநூலில் அதுதான் இருக்கிறது. ஆனால் அதைக் கரும்பலகையில் எழுதும் நாளில் பெரியவரின் கேள்வியையும் சொல்கிறேன்.

மெசினின் மிச்சத்தை, அதாவது மோட்டர், சில்லு, அல்டனேற்றர், பெல்ட் இரண்டையும், அவர் பாடசாலைக்குக் கொடுத்துவிட்டார். ஆய்வுகூடத்தின் மூலையில் இருக்கிறது. பிள்ளைகள் கையால் சில்லைச் சுற்றிவிட்டு அல்டனேற்றரைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் கடதாசித் துண்டை அவரே எழுதி ஒட்டினார்: "100 குடுத்தால் 36 தரும். தொடாதே, சுடும்."